பெட்டி இல்லாத ஸ்பீக்கர்

ஐந்தேகால் அடிக்கு மேல் உயரம், ஒன்றரை அடிக்குச் சற்றே கூடுதலான அகலம், இரண்டு அங்குலத் தடிமன். துணி போர்த்திய இப்படி இரண்டு பலகைகள் கூடத்தின் நடுவில் நின்றால், வருகிறவர்கள் அவற்றை மறைப்புத் தட்டி என்றுதான் நினைப்பார்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒயிட் பேர் லேக் என்ற ஊரில் இயங்கும் மேக்னபேன் நிறுவனம், 2010-இல் வெளியிட்ட 1.7 என்ற ஸ்பீக்கரின் அளவு இது. ஜோடியின் விலை அன்றைக்குச் சுமார் 2,000 டாலர். ஹை-ஃபை பைத்தியங்கள் செலவழிக்கும் தொகைகளோடு பார்த்தால் இது பெரிய விலையே இல்லை.

ஆனால் இதை வாங்கியவர்கள் பேச ஆரம்பித்தால் ஸ்பீக்கரைப் பற்றிய பேச்சு சீக்கிரமே வேறெங்கோ போய்விடும். ஒருவர் சோபாவை எங்கே நகர்த்தினார் என்று சொல்வார். இன்னொருவர் ஆம்ப்ளிஃபயரை மாற்றிய கதையைத் தொடங்குவார். வேறொருவர் பிடிக்காமல் விற்றுவிட்டு, சில வருடம் கழித்து அதையே மறுபடி வாங்கியிருப்பார். ஒரே ஸ்பீக்கரை ‘வீட்டுக்குள் கச்சேரி’ என்று ஒருவரும், ‘உயிரில்லாத சவ்வு’ என்று மற்றொருவரும் சொல்வார்கள். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. இந்தப் புகழ்ச்சி, புகார் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: இந்த ஸ்பீக்கருக்குப் பெட்டி கிடையாது.

வீடுகளில் பெரும்பாலும் இருப்பது கூம்பு வைத்த பெட்டி ஸ்பீக்கர். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸும் எட்வர்டு கெல்லாகும் 1925-இல் அதற்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தார்கள். காந்தத்துக்குள் ஒரு கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய காகிதக் கூம்பு. கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் அதே அளவு இழுக்கிறது. அந்தப் பின்பக்க ஒலியை முன்பக்கத்தோடு சேரவிடாமல் பிடித்துவைக்கத்தான் பெட்டி. பிடித்துவைத்த ஒலி சும்மா இருக்குமா? பலகைகளை அதிர வைக்கும். மெல்லிய கூம்பின் வழியாகவே கொஞ்சம் தாமதமாக வெளியே கசியும். நல்ல ஸ்பீக்கர் செய்கிறவர்களின் உழைப்பில் கணிசமான பங்கு, பெட்டியை வாய்மூட வைப்பதிலேயே போகிறது.

பெட்டியே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களில் மிகப் புகழ்பெற்றவர் இங்கிலாந்தின் பீட்டர் வாக்கர். ஹண்டிங்டன் நகரில் அவர் நடத்திய தொழிற்சாலையிலிருந்து குவாட் என்ற பெயரில் ஆம்ப்ளிஃபயர்கள் வந்துகொண்டிருந்தன. 1957-இல் அங்கிருந்து ஒரு மின்னிலை ஸ்பீக்கர் விற்பனைக்கு வந்தது. துளையிட்ட இரண்டு தகடுகள். நடுவில், பல ஆயிரம் வோல்ட் மின்னேற்றம் கொண்ட மெல்லிய பிளாஸ்டிக் படலம். தகடுகளில் இசைக்கேற்ப மின்னழுத்தம் மாற மாற, படலம் அங்கும் இங்கும் இழுபடும். கூம்பு இல்லை, சுருள் இல்லை, பெட்டி இல்லை. பார்வைக்கு அது இங்கிலாந்து வீடுகளின் அறைச்சூடேற்றியை ஒத்திருந்ததால் கேலிக்கும் குறைவில்லை. ஆனாலும் அது 1985 வரை தயாரிப்பில் இருந்தது.

மேக்னபேனின் ஜிம் வைனி போனது வேறு வழி. மினசோட்டாவில் 3எம் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த அவரிடம், ஆர்தர் ஜான்சன் வடிவமைத்த கே.எல்.எச். நைன் என்ற மின்னிலை ஸ்பீக்கர்கள் இருந்தன. ஒலி பிடித்திருந்தது, உயர் மின்னழுத்தம் பிடிக்கவில்லை. அதே படலத்தைக் காந்தத்தால் அசைத்தால் என்ன என்று யோசித்தார். வளையக்கூடிய காந்தப் பட்டைகள் 3எம்மிலேயே தயாராகிக்கொண்டிருந்தன. ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் விளிம்புக்குள் இருக்கும் அதே வகை. துளைத் தகட்டில் அந்தக் காந்தங்களை வரிசையாக ஒட்டி, அதற்கு முன்னால் சுமார் 12 மைக்ரான் தடிமனுள்ள மைலார் படலத்தை இழுத்துக் கட்டி, படலத்தின் மேல் மெல்லிய கம்பியை நெடுக ஒட்டினார். கம்பியில் மின்சாரம் ஓடினால் படலம் முழுவதும் அசையும். இதற்குச் சுவர் பிளக் தேவையில்லை. 1969-இல் நிறுவனம் தொடங்கியது. ஆரம்ப மாடலான டிம்பனியில் ஒரு பக்கத்துக்கு மூன்று பலகைகள், கீல் போட்டு மடக்கும் திரைபோல நின்றன. மினசோட்டாவிலேயே இருந்த ஆடியோ ரிசர்ச் என்ற ஆம்ப்ளிஃபயர் நிறுவனம்தான் அதை முதலில் விற்றுக்கொடுத்தது. சொந்தக்காரர்கள் இந்த ஸ்பீக்கர்களுக்கு வைத்திருக்கும் செல்லப் பெயர், மேகி.

முதல்முறை கேட்கிறவர்களின் வியப்பு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. பாடுகிறவர் ஸ்பீக்கருக்குள் இல்லை. இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் பின்தள்ளி, நிற்கிற உயரத்தில் இருக்கிறார். பியானோ, பியானோ அளவுக்குப் பெரிதாக இருக்கிறது. கிதார் தந்தியை விரல் விடுவித்ததும் எழும் முதல் ஒலிக்கும், மரத்தின் முழக்கத்துக்கும் இடையே இருக்கும் வேறுபாடு காதில் விழுகிறது. கண்ணை மூடினால் ஸ்பீக்கர் எங்கே என்று கைகாட்ட முடிவதில்லை.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. பலகையின் முன்பக்கம் எவ்வளவு ஒலி வருகிறதோ, பின்பக்கமும் அவ்வளவு வருகிறது. பின்னால் போன ஒலி சுவரில் பட்டுத் திரும்புகிறது. ஸ்பீக்கர் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால், போகவும் வரவும் இரண்டு மீட்டர். அதற்குச் சுமார் 6 மில்லி செகண்ட் ஆகும். அவ்வளவு தாமதம் இருந்தால் நம் மூளை அதைத் தனி எதிரொலியாகவும் கேட்காது, மூல ஒலியோடு போட்டுக் குழப்பிக்கொள்ளவும் செய்யாது. இடம் விரிந்ததாக எடுத்துக்கொள்ளும். நேர் பக்கவாட்டிலோ முன் ஒலியும் பின் ஒலியும் ஒன்றையொன்று அழித்துவிடுவதால், பக்கச் சுவர்களிலிருந்து வரும் இரைச்சல் குறைவு. உயரமான பலகை என்பதால் தரையும் கூரையும்கூட அதிகம் தொந்தரவு செய்வதில்லை. பெரிய உருவம், ஆழமான மேடை என்று சொந்தக்காரர்கள் சொல்வதெல்லாம் அவர்களின் கற்பனை அல்ல. ஒரு சிறு சந்தேகம் மட்டும் கேட்கலாம்: தனிக் கிதாருக்கும் ஆறடி உயரம் வருகிறதே, அது பதிவில் இருந்ததா, பலகை சேர்த்ததா? பலகைகளின் முன் உட்கார்ந்து கேட்டுப் பழகியவர்கள் இந்தக் கேள்வியை விரும்புவதில்லை.

அடுத்த வியப்பு அவ்வளவு இனிமையானதல்ல. வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, சுவரோரமாக நிறுத்தி, பழைய ஆம்ப்ளிஃபயரில் இணைத்துக் கேட்கிறவர்களின் முதல் கேள்வி, ‘பாஸ் எங்கே போயிற்று?’ தண்ணீருக்குள் உள்ளங்கையை மெதுவாக ஆட்டினால், தண்ணீர் முன்னால் போகாமல் விரல் ஓரமாக நழுவிப் பின்னால் வந்துவிடும். வேகமாக அடித்தால்தான் அலை எழும். தாழ்ந்த சுருதிக்கு நடப்பதும் அதுதான். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். அரை மீட்டர் அகலப் பலகையால் அதன் முன் ஒலியையும் பின் ஒலியையும் பிரித்துவைக்க முடியாது. படலத்தின் பரப்பைக் கூட்டியும், படலத்தின் இயல்பான அதிர்வைத் தாழ்ந்த சுருதிக்குப் பொருத்தியும் இந்த இழப்பில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டலாம். 1.7-க்கு நிறுவனம் சொன்ன கீழ் எல்லை 40 ஹெர்ட்ஸ். நெஞ்சில் குத்துகிற டிரம் அடியை எதிர்பார்த்து வாங்கியவருக்கு அது ஏமாற்றமே.

இருக்கிற பாஸின் தரத்தில்தான் கருத்து இரண்டாகப் பிரிகிறது. ஜாஸ் கேட்பவர்கள் டபுள் பாஸ் வாத்தியத்தின் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியே கேட்கிறது, பெட்டி ஸ்பீக்கரில் எல்லாம் ஒரே ‘பூம்’ஆக இருந்தது என்பார்கள். பெட்டி இல்லாததால் பெட்டியின் முழக்கமும் இல்லை. அதோடு, பக்கவாட்டில் ஒலி இல்லாததால் அறையின் அதிர்வுகளையும் இது குறைவாகவே தூண்டுகிறது. ராக் இசையும் சினிமா வெடிச்சத்தமும் வேண்டுகிறவர்களுக்கு இந்தச் சமாதானம் போதாது. சத்தத்தை ஏற்றினால் படலம் காந்தத் தகட்டில் மோதி ‘சடசட’ என்று அடிப்பதைச் சிலர் கேட்டிருக்கிறார்கள். தாழ்ந்த சுருதிக்கென்றே தனியாக ஒரு சப்வூஃபர் சேர்க்கலாமே என்றால், அங்கே அடுத்த சண்டை. பலகை விட்ட இடத்தில் வூஃபர் தொடங்கும்போது தையல் தெரிகிறது என்பது பழைய குறை. மூடிய பெட்டி சப்வூஃபர்களை மிகக் குறைந்த சத்தத்தில் வைத்துச் சமாளித்தவர்களும் உண்டு. கான்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் தொடங்கிய மார்ட்டின்லோகன் நிறுவனம், தன் பெரும்பாலான மின்னிலை மாடல்களில் மேலே வளைந்த படலத்தையும் கீழே பெட்டிக்குள் சாதாரண வூஃபரையும் வைத்து இதற்கு ஒரு சமரசம் கண்டது.

பிறகு இடம்தேடும் படலம் தொடங்கும். சுவரிலிருந்து மூன்றடி முன்னால் இழுத்தால் மேடை ஆழமாகிறது. நான்கடி இழுத்தால் பாஸ் வேறு மாதிரி ஆகிறது. உச்ச ஒலியைத் தரும் பகுதியான ட்வீட்டர் பலகையின் ஒரு செங்குத்து ஓரத்தில் இருப்பதால், இடது வலது பலகைகளை மாற்றிவைத்தால் ட்வீட்டர்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ வரும். இரண்டையும் கேட்டுப் பாருங்கள் என்று நிறுவனமே கையேட்டில் சொல்கிறது. உச்ச ஒலி கூர்மையாக இருந்தால் ட்வீட்டரின் வழியில் செருக ஒரு சிறு மின்தடையும் கூடவே கொடுத்தார்கள். அங்குலம் அங்குலமாக நகர்த்தி, சரியான இடத்தில் தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைப்பது இந்தச் சொந்தக்காரர்களின் பொதுப் பழக்கம். மற்ற ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களும் நகர்த்துவார்கள்தான். ஆனால் இங்கே நகர்த்துவதன் பலன் அடியோடு வேறாக இருக்கிறது.

12-க்கு 10 அடி அறையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கடி முன்னால் பலகை, அங்கிருந்து ஆறு அடி தள்ளி நாற்காலி, பின்னால் இரண்டடி. அறை முடிந்துவிட்டது. அலமாரிக்கோ கட்டிலுக்கோ இடமில்லை. பெரிய கூடம் இருந்தாலும், அதன் நடுவில் ஆள் உயரப் பலகைகள் நிற்க வீட்டில் மற்றவர்கள் சம்மதிக்க வேண்டும். கேட்காத நேரத்தில் சுவரோரம் தள்ளிவைத்துக்கொள்கிறேன் என்பது பல குடும்பங்களில் எட்டப்பட்ட உடன்பாடு. எடை குறைவென்பதால் அது முடிகிறது. பூனை வளர்ப்பவர்களின் துயரம் தனி. துணி போர்த்திய உயரமான பலகையைப் பூனை நகம் தீட்டும் தூணாகவே பார்க்கிறது.

இத்தனை செய்தும் ஒலி உயிர்ப்பில்லாமல் இருக்கிறது என்பவர்களிடம் அனுபவசாலிகள் கேட்கும் கேள்வி: என்ன ஆம்ப்ளிஃபயர்? 1.7-இன் விவரத்தாளில் 86 டெசிபெல் என்று போட்டிருக்கும். மற்ற ஸ்பீக்கர்களோடு ஒப்பிட்டால் மோசமில்லை என்று தோன்றும். ஆனால் அது 2.83 வோல்ட்டுக்கான கணக்கு. 4 ஓம் ஸ்பீக்கரில் அந்த வோல்ட்டுக்கு ஓடுவது 2 வாட். ஒரே ஒரு வாட்டுக்கு என்று பார்த்தால் 83 டெசிபெல்தான். 89 டெசிபெல் தரும் பெட்டி ஸ்பீக்கருக்கு 50 வாட் போதுமென்றால், அதே சத்தத்துக்கு இதற்கு 200 வாட் வேண்டும். அதையும் 4 ஓம் சுமையில் சூடேறாமல் தர வேண்டும். ஸ்பீக்கருக்குக் கொடுத்த விலையைவிட ஆம்ப்ளிஃபயருக்கு அதிகம் கொடுத்தவர்கள் ஏராளம். சல்லிசாகக் கிடைத்தது என்று வாங்கியவர்கள் ஒரு வருடத்தில் கூட்டிப் பார்க்கும் மொத்தச் செலவு வேறு தொகையாக இருக்கும். இதிலும் உச்சம் தொட்டது 1980-களில் அமெரிக்காவிலிருந்து வந்த அப்போஜி சின்டில்லா என்ற ஸ்பீக்கர். நாடா வகையைச் சேர்ந்த அதை 1 ஓம் சுமையில் வைத்தும் ஓட்டலாம். ஏறக்குறைய ஷார்ட் சர்க்யூட்டுக்குச் சமமான அந்தச் சுமையைத் தாங்கிய ஆம்ப்ளிஃபயர்களை விரல்விட்டு எண்ணலாம். தாங்கியதாலேயே கிரெல் ஆம்ப்ளிஃபயர்கள் புகழ் பெற்றன.

குவாட் சொந்தக்காரர்களின் அனுபவம் பல இடங்களில் நேர்மாறானது. மேகிகள் ஓரளவு சத்தம் வைத்தால்தான் விழிக்கின்றன என்று அவற்றின் சொந்தக்காரர்களே ஒப்புக்கொள்வார்கள். 1957-இன் குவாட்டுக்கோ தாழ்ந்த சத்தத்தில், சிறிய அறையில், மனிதக் குரலிலும் தந்திவாத்தியங்களிலும் இன்னும் நிகரில்லை என்பவர்கள் இருக்கிறார்கள். குவாட்டின் 15 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரே அதற்குப் போதும். ஆனால் எல்லையும் அங்கேயே இருக்கிறது. ஏறத்தாழ 33 வோல்ட் உச்சத்துக்கு மேல் கொடுத்தால் படலத்துக்கும் தகட்டுக்கும் நடுவே மின்பொறி பாயும். படலத்தில் ஓட்டை விழும். பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கிய பெருமையில் ஒரே மாலையில் ஒரு பலகையைத் தொலைத்தவர்கள் உண்டு. உச்ச ஒலி குறுகிய கற்றையாக வருவதால் நடு நாற்காலியில் ஒருவர்தான் முழு இன்பம் பெற முடியும். தலையைத் திருப்பினால் ஒலி மாறும். சத்தம் போதவில்லை என்று இரண்டு ஜோடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவர்களும் இருந்தார்கள். 1970-களில் அமெரிக்க ஹை-ஃபை தயாரிப்பாளர் மார்க் லெவின்சன், அடுக்கிய குவாட்களோடு ஹார்ட்லி வூஃபரையும் டெக்கா ட்வீட்டரையும் சேர்த்து எச்.க்யூ.டி. என்ற பெயரில் ஒரு பிரம்மாண்டமான அமைப்பையே விற்றார்.

கற்றைச் சிக்கலை வாக்கர் தீர்த்தது 1981-இல் வெளிவந்த இ.எஸ்.எல்.-63-இல். தகட்டை வட்ட வளையங்களாகப் பிரித்து, நடுவளையத்துக்கு முதலிலும் வெளி வளையங்களுக்குச் சற்றே தாமதமாகவும் இசையை அனுப்பினார். தட்டைப் பலகையிலிருந்து வரும் ஒலி, அதற்குச் சுமார் ஓரடி பின்னால் ஒரே புள்ளியிலிருந்து விரிவதுபோல் ஆகிவிட்டது. பெயரில் இருக்கும் 63, வேலை தொடங்கிய ஆண்டு. பிலிப்ஸ் நிறுவனத்தின் செவ்வியல் ஒலிப்பதிவாளர்கள் இதைத் தங்கள் கண்காணிப்பு ஸ்பீக்கராகவே வைத்துக்கொண்டார்கள். தட்டை ஸ்பீக்கரின் நேர்மைக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

சொந்தக்காரர்களின் சொல்லை எவ்வளவு நம்பலாம்? பிடிக்காதவர்கள் விற்றுவிட்டுப் போய்விடுகிறார்கள். பிடித்தவர்கள் இருபது வருடம் வைத்திருந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் காதில் விழுவதில் புகழ்ச்சியின் பங்கு அதிகம். நூறு மணி நேரம் ஓடிய பிறகுதான் பாஸ் திறக்கும் என்ற நம்பிக்கையும் பரவலானது. இழுத்துக் கட்டிய படலம் சற்றே தளர்வது இயலாத காரியமல்ல. ஆனால் அந்த நூறு மணி நேரத்தில் கேட்பவரின் காதும் புது ஒலிக்குப் பழகிவிடுகிறது. ஸ்பீக்கரையும் ஒருவேளை ஐந்தாறு முறை நகர்த்தியிருப்பார். எது மாறியது என்று யார் பிரித்துச் சொல்வது? அறையின் அளவு, சுவரிலிருந்து தூரம், ஆம்ப்ளிஃபயர், கேட்கும் இசை இவை நான்கையும் சொல்லாத எந்த அபிப்பிராயத்தையும் ஒதுக்கிவைத்துவிடலாம் என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி. இந்த நான்கும் தெரிந்தால், ‘அற்புதம்’ என்பதும் ‘ஏமாற்றம்’ என்பதும் ஏன் வந்தன என்று பெரும்பாலும் ஊகித்துவிட முடிகிறது.

மேக்னபேனுக்கும் இது தெரிந்தே இருக்கிறது. எம்.எம்.ஜி. என்ற தன் சிறிய மாடலைக் கடைகளில் வைக்காமல், தொழிற்சாலையிலிருந்து நேரடியாக வீட்டுக்கு அனுப்பி, 60 நாள் கேட்டுப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்ற ஏற்பாட்டில் விற்றது. அதன் வழியில் 2019-இல் 650 டாலருக்கு எல்.ஆர்.எஸ். வந்தது: நான்கடி உயரம், ஓரங்குலத்தைத் தொடும் தடிமன். தட்டை ஸ்பீக்கரை முதன்முதலில் வீட்டுக்குள் கொண்டுவர நினைத்தவர்கள் பலரும் வாங்கியது இதைத்தான். விலைக்கு மயங்கி வாங்கி, ஸ்பீக்கரைவிடப் பல மடங்கு விலையுள்ள ஆம்ப்ளிஃபயரில் போய் முடிந்தவர்களும் இதே கூட்டத்தில்தான் அதிகம்.

பழையதை வாங்க நினைப்பவர்கள் பார்க்க வேண்டியது வேறு. மேகிகளில் கம்பியைப் படலத்தோடு பிடித்துவைத்திருக்கும் பசை, வெயிலிலும் வயதிலும் உலர்ந்துபோகும். கம்பி பிரிந்த இடத்தில் குறிப்பிட்ட சில ஸ்வரங்களுக்கு மட்டும் ‘கிர்ர்’ என்று ஒரு நடுக்கம் கேட்கும். தனிப் பியானோவையோ பெண் குரலையோ போட்டு, ஒவ்வொரு பலகையாக, காதை அருகில் வைத்துக் கேட்டால் பிடிபடும். துணியைக் கழற்றி, கம்பியை மீண்டும் ஒட்டிச் சரிசெய்த பொறுமைசாலிகள் இருக்கிறார்கள். ஒயிட் பேர் லேக் தொழிற்சாலையும் பழைய பலகைகளைப் பழுதுபார்த்துக் கொடுத்திருக்கிறது. மின்னிலை ஸ்பீக்கர் என்றால் தூசியும் ஈரக்காற்றும் எதிரிகள்: உயர் மின்னழுத்தம் கசிந்து, சத்தம் குறைந்து, பொரிகிற ஓசை வரும். மார்ட்டின்லோகன் சொந்தக்காரர்கள் மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, வேக்குவம் கிளீனரால் பலகையின் தூசியை உறிஞ்சி எடுப்பார்கள். விற்கிறவரிடம் பழைய அட்டைப்பெட்டி பத்திரமாக இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்வது நல்லது. ஐந்தடிப் பலகையை அது இல்லாமல் லாரியில் ஏற்றி, படலம் கிழிந்து வந்து சேர்ந்த கதைகள் இந்த வட்டாரத்தில் நிறைய.